கொட்டாங்குச்சி நெருப்பு

நெருப்புக் கேட்டு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்பது மேட்டுத்தறித் தெருவின் வழக்கம். ஆடி பிறந்த மூன்றாம் நாள் காலையில் மாரக்காள் அனுப்பினாள்.

வந்தவள் எதிர்வீட்டுச் சின்னாயி. கையில் கொட்டாங்குச்சி இருந்தது.

"மாரக்கா, ரெண்டு கங்கு போடு. எங்கூட்டு அடுப்பு அணைஞ்சு கெடக்குது."

"போடறன். சட்டி கொண்டா."

"சட்டி எதுக்கு? இத பாரு, கொட்டாங்குச்சி கொண்டாந்திருக்கறன்."

"கொட்டாங்குச்சீல குடுக்க மாட்டன் சின்னாயி. மூடி போட்ட சட்டி இல்லீன்னா என்ற சட்டியக் கொண்டு போ. அடுப்புப் பத்துனதும் திருப்பிக் குடுத்துரு."

அடுப்புக்கு அருகே இருந்த சட்டியை அவள் காட்டினாள். கையகலச் சட்டி. கழுத்துக்குக் கீழே மூன்று துளைகள். மேலே பொருத்தமான மூடி. சின்னாயி அதைப் பார்த்ததும் கொட்டாங்குச்சியை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு பின்வாங்கினாள்.

"இதென்னடி, ஆத்தாளுக்குப் பூவோடு எடுக்கற தீச்சட்டியாட்ட இருக்குது! இத நான் எங்கூட்டு அடுப்புக்குக் கொண்டு போறதா?"

"அப்பச் செரி. உன்ற இஷ்டம்."

சின்னாயி தெருவில் இறங்கி நின்று, மாரக்காளின் கணவன் பேரை இழுத்து, நாலு வீட்டுக்குக் கேட்கும்படி சொன்னாள்: "கேட்டுக்குங்க! கந்தவேலு ஊட்டுல இன்னீலருந்து நெருப்புக்கும் சட்டம் போட்டாச்சு!"

சங்ககிரிக் கோட்டை மலையிலிருந்து பார்த்தால் அந்தத் தெரு ஒரே நீளக் கூரையாகத் தெரியும். இருபத்திரண்டு வீடுகள், இரண்டு வரிசை. எல்லாம் பனையோலைக் கூரை. ஒரு வீட்டு ஓலை முடியும் இடத்தில் அடுத்த வீட்டு ஓலை ஏறி உட்கார்ந்திருக்கும். கூரையின் கீழ் விளிம்பான இறவாரம் நெஞ்சளவுக்குத் தாழ்ந்திருக்கும். வெயிலும் மழையும் தறிக்குழிக்குள் போகாமலிருக்க அப்படித்தான் வேய்வார்கள். வீட்டுக்குள் நுழைகிறவர்கள் குனிந்து நுழைவார்கள். தெருவில் வெயிலுக்கு ஒதுங்கி நடப்பவர்கள் இறவாரத்தை ஒட்டித் தலை சாய்த்து நடப்பார்கள்.

தீப்பெட்டி எல்லா வீட்டிலும் இருந்தது. ஆனால் ஆடிக் காற்றில் நாலு குச்சி கிழித்தால் ஒன்று நிற்கும். அதனால் படுக்கும்போது அடுப்பில் இரண்டு நல்ல கங்குகளை ஒதுக்கி, சாம்பலைப் போர்த்தி மூடி வைப்பார்கள். சாம்பல் நெருப்பை அணைப்பதில்லை. மூச்சை மட்டும் குறைக்கிறது. போர்த்திய கங்கு மெல்ல மெல்லத் தன்னையே தின்றுகொண்டு விடியும்வரை உயிரோடு இருக்கும். காலையில் சாம்பலை விலக்கி, தென்னை நாரை வைத்து ஊதினால் போதும். ஊதுகிற காற்றுதான் அதற்குச் சோறு. எந்த வீட்டில் கங்கு செத்துப் போகிறதோ, அந்த வீட்டுப் பெண் கொட்டாங்குச்சியோடு பக்கத்து வீட்டுக்குப் போவாள். திரும்பும் வழியில் கங்கு சாகாமலிருக்க முகத்துக்கு நேரே பிடித்து ஊதிக்கொண்டே வருவாள். ஊத ஊதப் பொறி பறக்கும். இறவாரம் நெஞ்சளவில் இருக்கும். இத்தனை தலைமுறையும் அந்தத் தெரு எரியாமல் இருந்ததுதான் அதிசயம்.

போன வருஷம், ஐம்பத்தேழாம் வருஷத்து ஆடியில், எரிந்தது.

பொழுது மேற்கே இறங்கும் நேரம். தெருவுக்கு நியாயம் சொல்லும் பெரியதனக்காரர் குமாரசாமியின் மனைவி முத்தாயம்மாள் கொட்டாங்குச்சியோடு வந்தாள். அவர்கள் வீட்டுக்கு உறவுக்காரர்கள் வந்திருந்தார்கள், அவசரம். மாரக்காள் தாராளமாக நாலு கங்கு அள்ளிப் போட்டாள். முத்தாயம்மாள் இறவாரத்தை ஒட்டிக் குனிந்து, ஊதிக்கொண்டே போனாள். பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டி வருகிற காற்று அன்றைக்கு மண்ணை வாரி அடித்துக்கொண்டிருந்தது. ஒரு பொறி போதும். தறி வீட்டுக் கூரையின் அடிப்பக்கத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நூல் சுற்றும்போதும் நெய்யும்போதும் பறக்கிற பஞ்சுத்தூசி மேலே போய் ஒட்டடையோடு ஒட்டிக்கொண்டு, ஓலைக்குக் கீழே இன்னொரு மெல்லிய கூரையாகத் தொங்கும். நெருப்பு முதலில் ஓலையைப் பிடிக்காது. அந்தப் பஞ்சில் திரியில் ஓடுவதுபோல் ஓடும். கூரையின் அந்தக் கோடிவரை போன பிறகுதான் ஓலை குபீரென்று எழும். வெளியே இருப்பவர்கள் புகையைப் பார்க்கும்போது உள்ளே எல்லாம் முடிந்திருக்கும்.

ஏழு வீடுகள் போயின. உயிர்ச்சேதம் இல்லை. மாரக்காளின் கணவன் கந்தவேலின் தறி, அச்சு, தறியில் பாதி நெய்திருந்த பாவு நூல் எல்லாம் கரியாயின. மகள் அங்காளம்மாள், பத்தொன்பது வயதுப் பெண், பாவு நூலையாவது அறுத்து எடுக்கலாம் என்று உள்ளே ஓடினாள். பாவு வரவில்லை. முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை தோல் சுருங்கிய கையோடு அவள் வந்தாள்.

மாரியம்மன் கோபம் என்று தெரு சொன்னது. அந்தச் சித்திரைத் திருவிழாவில் கந்தவேலுக்குக் காய்ச்சல், அவன் வீட்டிலிருந்து பூவோடு எடுக்கவில்லை. அவன் வீட்டிலிருந்துதானே தீ கிளம்பியது? முதலில் சொன்னவர் குமாரசாமி. பக்கத்தில் நின்ற முத்தாயம்மாள் ஒன்றும் பேசவில்லை. அதற்குப் பிறகு அவள் மாரக்காள் வீட்டுக்கு நெருப்புக் கேட்டு வரவும் இல்லை.

மாரக்காளும் பேசவில்லை. ஆனால் சும்மா இருக்கவில்லை. புது வீடு வேய்ந்தபோது கந்தவேலிடம் சண்டை போட்டு இறவாரத்தை ஒரு முழம் வெட்டி உயர்த்தினாள். பக்கத்து வீட்டுக் கூரைக்கும் தங்கள் கூரைக்கும் நடுவே ஆள் நுழையும் சந்து விட்டாள். ஓலையின் விளிம்பு முழுக்கக் களிமண்ணும் சாணியும் குழைத்துப் பூசினாள். ஓலையின் அறுத்த முனைதான் முதலில் பற்றும், முனைக்கு வாய் அடைத்துவிட்டால் பொறி பிடிக்க இடமில்லை. வெள்ளிக்கு வெள்ளி நீளத் துடைப்பத்தால் கூரையின் அடிப்பக்கத்துப் பஞ்சை வழித்தாள். சிம்னி விளக்கை மணல் பரப்பிய மண்தட்டின் மேல் வைத்தாள். சீமெண்ணெய்ப் புட்டியை வீட்டுப் பின்புறப் பொடக்காளியில் குழி தோண்டிப் புதைத்து, வேண்டும்போது எடுத்தாள். வாசலில் ஒரு தொரட்டிக் கோல் எப்போதும் சாத்தியிருக்கும், தீப்பிடித்த ஓலையை இழுத்துக் கீழே தள்ளுவதற்கு.

"உங்க ஊட்டுல ஆளு குடியிருக்கறீங்களா, தீயி குடியிருக்குதா?" என்று சின்னாயியின் புருஷன் காத்தான் கேட்பான். "விருந்தாளிக்குச் செய்யற மாதிரியல்ல அதுக்குச் செய்யறே!"

"போன வருஷம் விருந்துக்கு வந்துட்டுப் போச்சில்ல காத்தான்ணா. மறுக்கா வராம பாத்துக்க வேண்டாமா?"

அடுப்பும் விளக்கும் கூரையும் அவள் கையில் இருந்தன. ஆனால் மற்ற இருபத்தொரு வீட்டுக் கொட்டாங்குச்சியும் அவள் கையில் இல்லை. அதை யோசித்துத்தான் பொன்னனிடம் போனாள். பக்கத்து ஊர்க் குயவர் அவர். அவள் விரலால் மண்ணில் வரைந்து காட்டினாள். அடியில் சாம்பல் படுக்கை, நடுவில் கங்கு, மேலே சாம்பல் போர்வை, பக்கத்தில் சின்னத் துளைகள், மேலே மூடி. பொன்னன் தலையைச் சொறிந்தார்.

"தொளை எதுக்குங்க? மூடீட்டாப் போச்சு."

"மூச்சு வேண்டாமுங்களா? சுத்தமா மூடினாச் செத்துப் போயிரும். தொளை பெருசா இருந்தாப் பொறி வெளிய வந்துரும். பயறு போற அளவு போதுமுங்க."

"ஊத வேண்டீதில்லையா?"

"அதுக்குத்தானுங்க சட்டியே. ஊதற வேலையே இருக்கக் கூடாது."

சட்டி நன்றாகவே வேலை செய்தது. காலையில் வைத்த கங்கு மறுநாள் காலையிலும் இருந்தது. மாற்று மூடி வாங்க இரண்டாம் முறை போனபோது பொன்னன் சொன்னார், "இதே மாதிரி இன்னொண்ணு சொல்லீட்டுப் போயிருக்கறாங்க, உங்க தெருக்காரங்கதான்." யாரென்று கேட்டதற்கு, சொல்ல வேண்டாமென்று சொன்னதாகச் சிரித்தார்.

சின்னாயி சத்தம் போட்ட அன்று பொழுது சாய்வதற்குள் கோயில் வேப்பமரத்தடியில் கூட்டம் கூடிவிட்டது. குமாரசாமி நடுவில் உட்கார்ந்திருந்தார். ஐம்பத்தைந்து வயது, வெள்ளை வேட்டி, தோளில் தானே நெய்த துண்டு. கெட்டவர் அல்ல. தீக்குப் பிறகு ஏழு வீட்டுக்கும் ஓலை வாங்க வண்டி கட்டிக்கொண்டு போனவர் அவர்தான். ஆனால் சொன்ன சொல்லை மாற்றிக்கொள்வது அவருக்குப் பழக்கமில்லை.

"ஏம்மா மாரக்கா, நெருப்பு இல்லீன்னு சொல்லி அனுப்புனயாமா?"

"இல்லீன்னு சொல்லுலீங்க. சட்டீல தாறேன்னனுங்க."

"ரெண்டும் ஒண்ணுதான். கேட்டு வந்த பொம்பளை வெறுங்கையோட போனா அந்தக் குடும்பத்து அடுப்பையே அவிச்ச மாதிரி."

"செவ்வாக்கெழமை வெள்ளிக்கெழமை வெளக்கு வெச்சப்பறம் ஆரும் நெருப்புக் குடுக்கறதில்லீங்களே மாமா. லச்சுமி போயிருமுன்னு. வாரத்துல ரெண்டு நாளு எல்லாரும் இல்லீங்கறோம். அன்னைக்கு ஆரு ஊட்டு அடுப்பு பட்டினி கெடந்துச்சுங்க?"

கூட்டத்தில் யாரோ சிரித்து, உடனே இருமலாக மாற்றிக்கொண்டார்கள். காத்தானாகத்தான் இருக்கும்.

"அது சாத்திரம். இது உன்ற இஷ்டம்," என்றார் குமாரசாமி. "அதும் ஆத்தாளுக்கு எடுக்கற சட்டிய அடுப்படிக்குக் கொண்டாந்திருக்கறயாமா. போன வருஷம் பூவோடு எடுக்காத குத்தத்துக்கே ஏழு ஊடு போச்சு. பத்தாதா?"

மாரக்காள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"ஆத்தாளுக்கு நெருப்பு எடுக்கறப்ப எப்பிடி எடுக்கறமுங்க? சட்டிக்குள்ளார எடுக்கறோம். சுத்தியும் பச்சை வேப்பந்தழை கட்டறோம். ரெண்டு கையில ஏந்தறோம். முன்னால ஒருத்தரு தண்ணி தெளிச்சுட்டுப் போறாங்க. தெரு நடுவால போறோம், எறவாரத்த ஒட்டிப் போறதில்லே. இத்தன வருஷத்துல பூவோட்டு நெருப்பு ஒரு கூரையத் தொட்டிருக்குதுங்களா? நம்ம ஊட்டு அடுப்புக்கு மட்டும் ஒடைஞ்ச கொட்டாங்குச்சீல, எறவாரத்துக்கு அடீல, ஊதிக்கிட்டே போறோம். ஆத்தா காட்டிக் குடுத்தத ஊட்டுக்கு எடுத்துக்கிட்டா அது குத்தமுங்களா?"

குமாரசாமி துண்டை உதறித் தோளில் போட்டார்.

"அப்ப போன வருஷம் தீ வெச்சது ஆத்தா இல்லேங்கறயா?"

"இல்லீங்க. கொட்டாங்குச்சி. பொளுதோட எங்கூட்டுலருந்து நாலு கங்கு போச்சு. அள்ளிப் போட்டது இந்தக் கையிதானுங்க. காத்தடிக்குதேன்னு நானும் நெனைக்குல. என்ற ஊட்ட எரிச்சதுல எனக்கும் பங்கு இருக்குது. அத ஆத்தா தலையில போட எனக்கு மனசில்லே."

"வாங்கிப் போனது ஆரு?"

பெண்கள் நின்ற பக்கத்தில் முத்தாயம்மாள் இருந்தாள். அவள் கண் மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தது. மாரக்காள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"வாங்குனது ஆருங்கறது எனக்கு வேண்டாமுங்க. நாளைக்கு வாங்கறது எப்பிடிங்கறதுதான் எனக்கு வேணும்."

குமாரசாமியின் முகம் கறுத்தது. பேர் சொல்லாமல் விட்டதை அவர் பொய் என்று எடுத்துக்கொண்டார். தீர்ப்பு சீக்கிரம் வந்தது. அம்மனிடம் தப்புக் கேட்டு, சட்டியைக் கோயில் வாசலில் உடைக்க வேண்டும். அதுவரை கந்தவேல் வீட்டுப் பாவுக்குத் தெருவில் யாரும் கை கொடுக்கக் கூடாது.

தறிக்காரர் அல்லாதவர்களுக்கு இது லேசான தண்டனையாகத் தோன்றலாம். நெசவில் தறி மேல் நடக்கிற வேலையை ஒரு குடும்பம் தனியாகச் செய்துவிடும். பாவு தோய்கிற வேலையை மட்டும் செய்ய முடியாது. தறியில் நீளவாட்டில் ஓடுகிற நூல்தான் பாவு. முப்பது கஜ நீளம், இரண்டாயிரம் இழைகள். அப்படியே தறியில் ஏற்றினால் இழைகள் ஒன்றையொன்று உரசிப் பிசிறடித்து அறுந்துபோகும். அதனால் விடியற்காலையில் பாவைத் தெரு நீளத்துக்கு விரித்து, இரண்டு முனையையும் முளையில் கட்டி இறுக்கி, கவைக்கால்களின் மேல் தாங்க வைப்பார்கள். எந்த இழை மேலே, எந்த இழை கீழே என்று நினைவு வைத்திருக்க நடுநடுவே மூங்கில் குச்சிகள் கோத்திருக்கும். அரிசிக் கஞ்சியில் சொட்டுத் தேங்காயெண்ணெய் விட்டுப் பாவின் மேல் தெளித்து, பெரிய வேர்ப் புருசால் பக்கத்துக்கு ஒருவராக ஒரே திசையில் இழுத்துக்கொண்டே போவார்கள். கஞ்சி காய்வதற்குள் ஒட்டிய இழைகளைப் பிரிக்க வேண்டும், அறுந்ததை முடிய வேண்டும், குச்சிகளை நகர்த்த வேண்டும், பாவைப் புரட்டி அடிப்பக்கமும் தேய்க்க வேண்டும். பன்னிரண்டு பேராவது வேண்டும். வெயில் ஏறினால் கஞ்சி பாதியில் இறுகிவிடும். காற்று எழுந்தால் ஈர இழைகள் கயிறாகத் திரிந்துகொள்ளும், பிறகு அந்தப் பாவு குப்பை. அதனால் வீட்டுக்கு ஒருவர் வந்து கை கொடுப்பார்கள். இன்று உனக்கு, நாளை எனக்கு.

கந்தவேல் ஒரு வருஷம் பிறத்தியார் தறியில் உட்கார்ந்து நெய்தான். இப்போதுதான் வீட்டில் புதுத் தறி நின்றிருந்தது. அதற்கு முதல் பாவு சுற்றி முடிந்து, உத்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆடிப் பதினெட்டுக்குள் தறியில் ஏறாவிட்டால் நூல் கொடுத்த முதலாளி பாவை வேறு வீட்டுக்குக் கொடுத்துவிடுவார். புதுத் தறி வெறும் மரமாக நிற்கும்.

வீட்டுக்கு வந்ததும் கந்தவேல் வட்டலில் இருந்த கம்மஞ்சோற்றைத் தொடவில்லை.

"ஏம்புள்ள, ஒரு மாசம். ஆடி போறவரைக்கும் அந்தச் சட்டியப் பொடக்காளீல வெச்சுட்டா என்ன? பாவு ஏறட்டும். அப்பறம் உன்ற சட்டத்தப் போட்டுக்க."

"ஆடி போனா காத்தும் போயிருமுங்க. காத்தில்லாத மாசத்துக்குச் சட்டி எதுக்கு?"

"ஊரே ஒரு பக்கம் நிக்குது."

"போன வருஷமும் ஊரு ஒரு பக்கந்தான் நின்னுச்சு. தீயி அந்தப் பக்கத்துலயும் ஆறு கூரையத் தின்னுச்சு, கேட்டுட்டா தின்னுச்சு?"

அங்காளம்மாள் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். பெண் பார்க்க வந்த இரண்டு குடும்பமும் முதலில் அவள் கையைத்தான் பார்த்தது. வருவதற்கு முன் முந்தானையால் மூடச் சொன்னபோது அவள் மூடவில்லை. இப்போதும் அந்தக் கையைத்தான் விளக்குக்கு முன்னால் நீட்டினாள்.

"அப்பா, சட்டிய ஒடைக்கறதுன்னா ஒடைச்சுக்குங்க. ஆத்தா கோவிச்சுக்கிட்டு என்ற கையச் சுட்டான்னு நாளப்பின்ன என்ற புள்ளைகளுக்கு நான் சொல்ல மாட்டன்."

கந்தவேல் மகளின் கையை வெகுநேரம் பார்த்தான். பிறகு வட்டலை இழுத்து, மோர் ஊற்றிப் பிசைந்து, முழுவதையும் சாப்பிட்டான். கையைக் கழுவிவிட்டு வந்து சொன்னான்:

"முப்பது கசத்தையும் ஒண்ணா விரிச்சாத்தான பன்னெண்டு ஆளு வேணும்? பாவச் சுருட்டுலயே வெச்சுக்கிட்டு, பத்துப் பத்துக் கசமா அவுத்துத் தோயலாம். காஞ்சதச் சுருட்டிக்கிட்டு அடுத்ததை அவுக்கறது. மூணு பேரு போதும்."

"மூணு மடங்கு நேரமாகுமே."

"விடிவெள்ளி மொளைச்சதும் ஆரம்பிப்போம். காத்து எந்திரிக்கறதுக்குள்ள முடிஞ்சா நம்ம பாவு. இல்லீன்னா காத்தோட பாவு."

அவன் அப்படிப் பேசி ஒரு வருஷம் ஆகியிருந்தது.

கிழக்கு வெளுக்கும்போது முதல் பத்துக் கஜம் தெருவில் இருந்தது. கந்தவேலும் மாரக்காளும் புருசு பிடித்தார்கள். அங்காளம்மாள் கஞ்சி தெளித்தாள், இழை பிரித்தாள், அறுந்ததை முடிந்தாள், குச்சி நகர்த்தினாள். கதவுகள் திறந்தன. வாசல் தெளிக்க வந்தவர்கள் செம்போடு நின்றார்கள். யாரும் கிட்ட வரவில்லை. புளித்த கஞ்சியின் மணம் தெரு முழுக்க இருந்தது.

காத்தான் பல் குச்சியோடு தன் வாசலில் குந்தியிருந்தான்.

"கந்தவேலு, பாவு தோயறயா, கோமணம் தோயறயா? நீளம் பத்தலையே!"

"எட்டி நின்னு பாத்தா எல்லாம் அப்பிடித்தான் தெரியுமண்ணா," என்றாள் மாரக்காள். "கிட்ட வந்து புடிச்சுப் பாருங்க, நீளம் தெரியும்."

காத்தான் பின்னால் திரும்பிப் பார்த்தான். சின்னாயி முறைத்துக்கொண்டு நின்றாள். அவன் மறுபடி பல் விளக்கினான்.

முதல் பத்துக் கஜம் அழகாக வந்தது. விரலால் தட்டினால் தம்புராக் கம்பி மாதிரி விண்ணென்றது. காய்ந்ததைச் சுருட்டி, அடுத்த பத்துக் கஜத்தை அவிழ்த்தபோது கோட்டை மலையின் தலையில் வெயில் விழுந்தது. அதன் பாதியில் வேப்பமரத்தின் உச்சிக் கிளை அசைந்தது. மாரக்காள் அதைப் பார்த்தாள். கந்தவேலும் பார்த்தான். இரண்டு பேரும் வேகம் கூட்டினார்கள். ஆனால் புருசில் வேகம் கூடினால் இழை அறும். அங்காளம்மாள் ஒரு முனையில் முடிந்துகொண்டிருக்கும்போது மறுமுனையில் ஏழெட்டு இழைகள் ஒட்டிக் கயிறாகத் தொடங்கின.

"அம்மா, அங்க சேருது! அங்க!"

"உனக்கு ரெண்டு கையிதான் சாமி. இதைப் பாரு மொதல்ல."

காற்றின் முதல் வீச்சு தெருப் புழுதியைத் தூக்கியது. கந்தவேல் தன் உடம்பையே மறைப்பாக வைத்துக்கொண்டு பாவின் மேற்குப் பக்கம் நின்றான். மூன்று பேரால் ஆகிற காரியம் அங்கே முடிந்துவிட்டது.

அப்போது மேலண்டைக் கோடியிலிருந்து முத்தாயம்மாள் வந்தாள். இறவாரத்தை ஒட்டி வரவில்லை. தெரு நடுவில் வந்தாள். கையில் ஒரு புதுச் சட்டி. கழுத்துக்குக் கீழே பயறளவில் மூன்று துளைகள், மேலே மூடி. பொன்னன் யாரென்று சொல்லாமல் சிரித்தது மாரக்காளுக்கு நினைவு வந்தது.

"எங்கூட்டு அடுப்பு அணைஞ்சு போச்சு மாரக்கா. நெருப்புக் குடு," என்றாள் முத்தாயம்மாள்.

பெரியதனக்காரர் வீட்டு அடுப்பு அணையாத அடுப்பு என்று எல்லாருக்கும் தெரியும். முத்தாயம்மாளின் முந்தானை நுனி ஈரமாக, அடுப்புச் சாம்பல் படிந்து இருந்தது.

"தாறனுங்க்கா. பாவு இப்பிடிக் கெடக்குது, கைய எடுக்க முடியல."

"நெருப்புக்கு என்ன அவசரம்?" முத்தாயம்மாள் சட்டியைக் கல்லின் மேல் வைத்தாள். சேலையை இழுத்துச் செருகினாள். கயிறாகிக்கொண்டிருந்த இடத்துக்குப் போய் இழைகளுக்குள் பத்து விரலையும் விட்டுப் பிரிக்கத் தொடங்கினாள். நாற்பது வருஷம் பாவுக்குக் கை கொடுத்த விரல்கள்.

குமாரசாமி வீட்டு வாசலில் நின்று கூப்பிட்டார். "முத்தாயி! ஊட்டுக்கு வா!"

அவள் தலையைத் தூக்கவில்லை. ஆனால் குரலைத் தூக்கினாள்.

"வாரனுங்க. போன ஆடீல அந்தக் கொட்டாங்குச்சியப் புடிச்சிருந்தது இந்தக் கையிங்க. ஊதுனது இந்த வாயி. ஒறம்பரை வந்திருக்குதுன்னு அவசரத்துல ஊதிக்கிட்டே வந்தனுங்க. திரும்பிப் பாக்கறக்குள்ள இவ ஊடு எரிஞ்சுது. நீங்க ஆத்தாளச் சொன்னீங்க. எனக்கும் அது சவுரியமா இருந்துச்சு, சும்மா இருந்துட்டன். கூட்டத்துல இவ என்ற பேரச் சொல்லீருந்தா எனக்கு இத்தன வெக்கம் இருந்திருக்காதுங்க."

குமாரசாமி வாசற்படியை விட்டு இறங்கவில்லை.

"ஆரையும் நான் கூப்பிடுல," என்றாள் முத்தாயம்மாள், இழையைப் பிரித்துக்கொண்டே. "தண்டனை போடறதுன்னா எங்கூட்டுப் பாவுக்கும் போடுங்க."

முதலில் எழுந்தவன் காத்தான். பல் குச்சியைத் துப்பிவிட்டு வந்து புருசின் ஒரு பக்கத்தைக் கந்தவேலிடமிருந்து பிடுங்கினான். "தள்ளு. நீ தேய்க்கறதப் பாத்தா எனக்குத் தூக்கம் வருது."

சின்னாயி வரவில்லை. வாசலிலேயே நின்றாள். ஆனால் கொஞ்ச நேரத்தில் வீட்டுக்குள்ளிருந்து நாலு தடுக்குகளைக் கொண்டுவந்து, மேற்குப் பக்கம் காற்றுக்கு மறைப்பாகச் சாத்திவிட்டுப் போனாள். யாரையும் பார்க்காமல் போனாள். இன்னும் மூன்று வீட்டிலிருந்து ஆட்கள் வந்தார்கள். மற்ற வீடுகளில் கதவு சாத்தித்தான் இருந்தது. பன்னிரண்டு பேர் சேரவே இல்லை. எட்டுப் பேர் பன்னிரண்டு பேர் வேலையைச் செய்தார்கள். கடைசிப் பத்துக் கஜத்தில் முப்பது, நாற்பது இழைகள் போயின. அங்காளம்மாள் ஒவ்வொன்றாக முடிந்தாள். வெயில் பனைமர உயரம் ஏறுவதற்குள் பாவு சுருண்டு கந்தவேலின் தோளில் இருந்தது. காற்று அதற்கு மேல்தான் முழு வேகத்தோடு எழுந்தது.

மாரக்காள் கஞ்சிக் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள். முத்தாயம்மாளின் சட்டியில் இரண்டு கை சாம்பல் பரப்பினாள். இடுக்கியால் மூன்று கங்கு எடுத்து வைத்தாள். மேலே சாம்பலைத் தூவிப் போர்த்தி, மூடியைப் பொருத்தி, ஒருமுறை அழுத்திப் பார்த்தாள்.

"ஊத வேண்டாமுங்க்கா."

"தெரியும். இனி ஊத மாட்டன்," என்றாள் முத்தாயம்மாள்.

இரண்டு கையிலும் சட்டியை ஏந்திக்கொண்டு அவள் தெரு நடுவில் நடந்தாள். காற்று சேலையை இழுத்தது, புழுதி கண்ணில் அடித்தது, இரண்டு பக்கத்து இறவாரங்களிலும் ஓலைகள் படபடத்தன. சட்டியிலிருந்து ஒரு பொறி எழவில்லை. புகைகூட வரவில்லை.

குமாரசாமி வாசலை மறித்து நின்றுகொண்டிருந்தார். சட்டியை மேலும் கீழும் பார்த்தார்.

"ஊரைக் கூட்டிட்டு நெருப்பு வாங்கப் போனே. என்னடி இது? வெறுஞ்சட்டியத் தூக்கிட்டு வர்றே?"

முத்தாயம்மாள் சட்டியை அவருடைய நெஞ்சுக்கு நேரே நீட்டினாள்.

"கைய வெச்சுப் பாருங்க."